ஏழூர் இல்லத்துப் பந்தி

மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் பந்தியிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செந்தமிழ்ச்செல்வியின் கண்ணில் பட்டது அதுதான். சுவரோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோரைப்பாய் விரித்திருந்தது. அதில் ஆளுக்கொரு வாழை இலைக்கு முன்னால் வயதானவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலைகளில் ஒன்றும் மிச்சமில்லை. மோர்ச்சோறு வழித்த தடம்கூடக் காய்ந்து, இலையின் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன. எல்லோருடைய வலது கையும் மடியில் மல்லாந்து கிடக்க, விரலிடுக்கில் பருக்கைகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டி இறுகியிருந்தன. யாரும் பேசவில்லை. இருமல் வந்தவர்கள்கூட அதைத் தொண்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார்கள். புளித்த மோர் வாசனையும் மூட்டுவலித் தைல வாசனையும் கலந்து, வெளியே போக வழி தெரியாமல் கூடத்துக்குள் நின்றன.

செல்விக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். சங்கராபுரம் தாலுகா ஆபீசில் உதவியாளராக இருப்பவள் அவள். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் வந்து நிற்கிற வரிசையை அதட்டியும் கெஞ்சியும் கேலி பேசியும் நகர்த்தியே தலை நரைத்தவள். நகராத வரிசையைப் பார்த்தால் அவளுக்குக் கை பரபரக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லையா, இல்லை யாராவது பெரிய மனிதர் வந்து பேசப்போகிறாரா, எதற்காக இந்த வயதானவர்களை எச்சில் கையோடு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சண்டைக்குத் தயாராகவே உள்ளே நுழைந்தாள்.

அவள் வந்தது அப்பாவைக் கூட்டிப்போக. அவள் அப்பா ராசு எதையும் வாய்விட்டுக் கேட்டறியாத மனிதர். பல்வலி வந்தால்கூட முகம் வீங்கிய பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் காலையில் சமையல்காரம்மாவின் போனில் கூப்பிட்டு, பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல ரகசியக் குரலில் பேசினார்.

"கண்ணு, இன்னிக்கே வந்து என்னக் கூட்டிக்கினு போயிடு. நாளைக்கின்னா வாணாம். நாளைக்கி நான் இருக்கமாட்டேன்."

அதைக் கேட்டதும் லீவு சொல்லிவிட்டு, பக்கத்துத் தெரு சரத்குமாரின் காரை வாடகைக்குப் பேசி, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் வந்து சேர்வதற்குள் மதியம் கடந்துவிட்டது. ஐப்பசி மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. முதியோர் இல்லத்தின் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திய சரத்குமார், மேகம் இறங்குகிற வேகத்தைப் பார்த்து, சீக்கிரம் வந்துவிடும்படி சொல்லி அனுப்பினான்.

அப்பா வரிசையின் நடுவில் இருந்தார். போன மாதம் பார்த்ததற்குப் பாதியாகியிருந்தார். சட்டைக்குள் தோள்கள் எங்கோ போய்விட்டன. செல்வியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. உடனே அது போய், பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுந்திருக்கச் சொன்னாள். அவர் தலையசைத்தார். எல்லோரும் முடித்துவிட்டார்களே, இன்னும் என்ன என்று கேட்டாள். அவர் கண்ணை மட்டும் தன் இடதுபக்கம் ஓட்டினார்.

அப்பாவுக்கு அடுத்து ஆளில்லை. ஆனால் இலை இருந்தது. அதற்கடுத்தும் இலை. அதற்கடுத்தும். கூடத்தின் மறுபாதி முழுக்க, இருட்டடைந்த மூலைச் சுவர் வரைக்கும், ஆளில்லாத இலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்களைவிட அவைதான் அதிகம் போலிருந்தது. ஒவ்வொன்றிலும் சோறு, சாம்பார், பீர்க்கங்காய்க் கூட்டு, ஓரத்தில் அப்பளம் என்று முறையாகப் பரிமாறியிருந்தார்கள். ஒரு இலையிலும் ஈ மொய்க்கவில்லை. இந்தப் பக்கம் பருக்கை காய்ந்து கல்லாகிக் கிடக்க, அந்தப் பக்கத்துச் சோற்றிலிருந்து மட்டும் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகு செல்வியின் எரிச்சல் கொஞ்சம் இறங்கிற்று. புதிதாக இப்போதுதான் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள்.

சமையல்காரம்மா சின்னப்பொண்ணு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கூடத்துக்குள் அவள் பாதம் படவில்லை. செல்வி கேட்பதற்கு முன்பே, எல்லாம் ஒரே நேரத்தில் பரிமாறியதுதான் என்று சொல்லிவிட்டாள். அந்த இலைகள் இறந்துபோனவர்களுடையவை. இல்லம் தொடங்கியதிலிருந்து இங்கே இறந்த ஒவ்வொருவருக்கும் இலை விழுகிறது. அவர்கள் சாப்பிட்டு முடித்து, கடைசி இலை மடங்கிய பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் கை கழுவலாம். முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் மடங்கிவிடும். ஆள் கூடக்கூட நேரமும் கூடிவிட்டது. இப்போது விளக்கு வைக்கிற நேரமாகிறது. எழுந்து கை கழுவி முதுகை நிமிர்த்துவதற்குள் ராத்திரிப் பந்திக்கு மணியடித்துவிடுகிறார்கள்.

இதை யாரும் ஊரில் சொல்லவில்லையே என்று செல்வி கேட்டாள். நம்பியதாகக் காட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. பிச்சைமுத்து சொல்லத்தான் போனார் என்றாள் சின்னப்பொண்ணு. பிச்சைமுத்து செல்விக்கும் தெரிந்தவர்தான். சின்னசேலம் மண்டியில் மூட்டை எடைபோட்ட திடகாத்திரமான ஆள். ஒருநாள் கோபம் வந்து, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று பாதிப் பந்தியில் எழுந்துவிட்டார். கை கழுவினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துபோனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"அடுத்த நாளு எலை போட வந்தங்க்கா. அவுரு எடத்துலயே குந்தினு இருந்தாரு. முட்டி வரிக்கும் சேறு. மூச்சு இல்ல. ஆனா எலைக்கி முன்னால கைய நீட்டிக்கினுதான் இருந்தாரு."

வயசான மரணம் என்று எழுதிக் காரியத்தை முடித்துவிட்டார்கள். வரிசையில் ஒரு இலை கூடிற்று. உனக்குப் பயமில்லையா, நீ எப்படி இங்கே வேலை செய்கிறாய் என்று செல்வி கேட்டதற்குச் சின்னப்பொண்ணு கூடத்துப் பாயைக் கண்ணால் காட்டினாள்.

"நான் இந்த வூட்டுல ஒரு பருக்க வாயில வெச்சதில்ல. எங்க காலனி ஆளுங்கள நீங்க என்னிக்கி உங்க பந்தியில குந்த வெச்சீங்க? அதான் நான் வூட்டுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கறேன்."

செல்விக்குச் சுருக்கென்றது. கூடத்துக்கே திரும்பினாள்.

ஏழூர் இல்லத்தின் கதை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. வருஷாவருஷம் ஆண்டுவிழாவில் மைக் பிடிக்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அடிவாரத்து ஏழு ஊர்களில் ஒன்றில் ரங்கம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். பெற்ற பிள்ளைகளெல்லாம் திருப்பூர், பெங்களூர் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். அவளுக்குத் தனியாகச் சாப்பிட வராது. சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிடுவாள். யாருக்கு நேரம்? நடவு, களை, பஸ், பால் என்று அவரவருக்கு அவரவர் அவசரம். சிரித்து மழுப்பிவிட்டுப் போவார்கள். ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு நாற்றம் பொறுக்காமல் கதவை உடைத்தார்கள். ரங்கம்மாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். எதிரில் இன்னொரு தட்டில், வராத யாருக்கோ சோறு போட்டு வைத்திருந்தாள்.

ஏழு ஊருக்கும் தலை குனிந்துவிட்டது. இனி நம் பக்கத்தில் வயசான ஒருத்தர்கூடத் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று அய்யனார் கோயிலில் கூடி முடிவெடுத்தார்கள். ஒரு வீடு மரம் கொடுத்தது, ஒரு வீடு ஓடு கொடுத்தது, இடிக்கிற வீட்டிலிருந்து கதவும் நிலையும் கழற்றி வந்தன, இல்லாதவர்கள் உடம்பால் உழைத்தார்கள். ராசு செங்கல் சுமந்தார். செல்வியின் அம்மா இறந்த பிறகு, மகள் எவ்வளவோ கூப்பிட்டும் வராமல், நாங்கள் கட்டிய வீடு இருக்கும்போது நான் எதற்கு மருமகன் வீட்டில் கிடக்க வேண்டும் என்று வீம்பாக இங்கே வந்து சேர்ந்ததும் அந்தப் பெருமையில்தான்.

மைக்கில் சொல்லாத பாதியை அப்பா இப்போது சொன்னார். செல்வி அவர் எதிரில் மண்டியிட்டிருந்தாள். உதடு அசைவது தெரியாமல், இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

திறப்புவிழா அன்றைக்கு ரங்கம்மாளுக்குப் படையல் போடவேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. செத்தவர்களுக்குப் போடும் இலையை விளக்குக்கு முன்னால் தனியாகப் போட்டு, கதவைச் சாத்தித் திறந்து, காக்கைக்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உட்காருவது வழக்கம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குற்ற உணர்ச்சி அவர்களைப் பிடித்து ஆட்டிற்று. உயிரோடிருந்தபோதும் தனியாக விட்டோம், இப்போதும் தனி இலையா என்று யாரோ அழுதார்கள். அழுததும் எல்லோருக்கும் அதுதான் நியாயம் என்று பட்டுவிட்டது. தங்கள் வரிசையிலேயே, கோடியில், மூலைச் சுவரோரமாக அவளுக்கு இலை போட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரங்கம்மா, வந்து குந்து, இனிமேல் நீ சாப்பிட்டு முடிக்காமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம், எங்களில் யாரையும் யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அடித்த கைகளில் ராசுவின் கையும் ஒன்று.

"வந்து குந்திட்டா, கண்ணு. நாங்க கூப்ட்டோம், வந்து குந்திட்டா. இன்னா பண்றது இப்போ."

செல்வி சுற்றிலும் பார்த்தாள். வரிசையில் இருந்த யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது கழுத்துகளின் விறைப்பில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, மாமரம் கிளை கிளையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கேட்டில் சரத்குமார் ஒருமுறை ஹாரன் அடித்தான். அந்தச் சத்தம் எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல இருந்தது.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஆள் அந்தப் பக்கம் நகர்கிறார். நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, உயிரோடிருப்பவர்களில் கடைசி ஆள், அவர்தான் அடுத்தவர். நேற்று வரை அப்பாவுக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர் இன்று இலை மட்டும்தான். இதையும் அப்பாதான் சொன்னார். அதனால்தான் போன் செய்ததாகவும், செய்திருக்கக் கூடாது என்று அப்புறம் நினைத்ததாகவும் சொன்னார்.

போதும் என்று செல்விக்குத் தோன்றியது. இது மயக்கம், பயம், வயசு. காரில் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகும். எழுந்து குனிந்து, அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக இருந்த மனிதர் அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தூக்கினாள். நட்ட கல்லைத் தூக்குவதுபோல இருந்தது. அப்பா வலியில் பல்லைக் கடித்தார். அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

பாயில் ஊன்றியிருந்த கை. மணிக்கட்டைச் சுற்றித் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. வரிசையாக, விரல் அகலத்தில், ரத்தம் ஓடாமல் வெளுத்த பள்ளங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளம் கொஞ்சம் நகர்ந்தது. பிடி வாகாக இல்லாததை மாற்றிப் பிடித்துக்கொள்வதுபோல.

செல்வி தூக்குவதை விட்டாள்.

"கையப் புடிச்சிக்கினே இருக்கறாங்க," என்றார் அப்பா. அழவில்லை; மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பக்கத்து இலையில் சோற்றுக் குவியலின் ஓரம் சரிந்தது. காற்றில்லை. சரிந்த இடத்தில் விரல் வழித்த தடம் இருந்தது. அவர்கள் சாப்பிடுகிறார்கள். மெதுவாக. தங்களுக்கு அவசரமே இல்லை என்பதுபோல மெதுவாக. அப்பாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. விளக்கு வைக்கும்வரை அவர் தாங்கமாட்டார் என்று அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வரிசையை நகர்த்துவது. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போக வேண்டும். கடைசி இலை மடங்கினால் எல்லாரும் எழுந்திருக்கலாம். கடைசி இலை ரங்கம்மாளுடையது. அவள் சாப்பிட்டு முடிக்க மாட்டேன் என்கிறாள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்று காத்திருந்தவள்தானே. சரி, ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டுக் காலி செய்து மடித்துவிட்டால்?

அவள் எழுந்து மூலையைப் பார்த்து நடந்தபோது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"வாணாம் கண்ணு. குந்தாத. அங்க குந்தாத."

ஆளில்லாத இலைகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒவ்வொரு இலைக்கும் பின்னால் சுவரில் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது, யாரோ நெடுநாளாகச் சாய்ந்துகொண்டிருந்ததால் படிகிற கறை. அவள் கடந்து போகப் போக, பாயில் சலசலப்புக் கேட்டது. வழி விடுவதற்காக முழங்காலை ஒதுக்கிக்கொள்கிற சலசலப்பு. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் ஈரச் சுண்ணாம்பு நெடி. அதற்கடியில், அடைத்த வீட்டைத் திறந்ததும் வருகிற நெடி. கடைசி இலைக்கு முன்னால் செல்வி உட்கார்ந்தாள்.

சோறு சுட்டது. முதல் வாய் வைத்தாள். உப்பில்லை. சாம்பாரிலும் உப்பில்லை, கூட்டிலும் இல்லை. விழுங்கினாள். இரண்டாவது வாய் மென்றபோது பக்கத்திலும் மெல்லுகிற சத்தம் கேட்டது. நிறுத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் ஒருமுறை மென்றுவிட்டு நின்றது. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சை அடைக்க அடைக்க, அள்ளி அள்ளி அடைத்தாள். இடது தோளில் சுவரின் குளிர். வலது தோளிலும் குளிர். வலது பக்கம் சுவரில்லை.

குவியல் குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. இலையின் பச்சை தெரிந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. மிச்சமிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டாள். அப்பளத் துணுக்கையும் விடவில்லை. பிறகு இரண்டு கையாலும் இலையைப் பிடித்து மடித்தாள்.

பக்கத்து இலை மடங்கியது.

அதற்கடுத்தது. அதற்கடுத்தது. மூலையிலிருந்து நடுவரை, ஈர இலை மடங்குகிற மெத்தென்ற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. அப்பாவின் மணிக்கட்டு விடுபட்டுக் கை துள்ளியது. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. காய்ந்த கைகள் நடுங்கி நடுங்கித் தத்தம் இலைகளை மடித்தன. முட்டிகள் சொடுக்கின. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே எல்லோரும் எழுந்தார்கள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவர்களுக்கு மாதங்கள் ஆகியிருக்கும். யாரோ சிரித்தார்கள்.

அப்பா நின்றார். தன் காலில் நின்றார். ஹாரனுக்குப் பதில் இல்லாததால் சரத்குமார் வாசலுக்கே வந்திருந்தான். செல்வி கை காட்டியதும் அவர் தோளைத் தாங்கிக்கொண்டான். செல்விக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் புல்லரித்தது. தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

எழவில்லை.

மறுபடி ஊன்றினாள். கால் மரத்துப்போகவில்லை. வலியில்லை. விரலை அசைத்தால் அசைந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் பாயோடு போய்விட்டது. மடியில் ஏதோ கனத்தது. யாரோ தலை சாய்த்துப் படுத்த கனம்.

அலற வாய் திறந்தாள். அலறினால் அப்பா வருவார். வந்து பக்கத்தில் உட்காருவார். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நீ மொதல்ல ஏறு, யப்பா. நான் கை கழுவிக்கினு வரேன். சரத்து, அப்பாவுக்குக் குளிருது, கூட்டிக்கினு போய் வண்டியில ஒக்கார வையி. நான் வர லேட்டானா நீங்க கெளம்பிக்கினே இருங்க. நான் பஸ்ஸப் புடிச்சி வந்துடறேன்."

வாசல்படியில் அப்பா நின்றார். திரும்பினார். புரை விழுந்த கண்ணை இடுக்கி, மூலை இருட்டுக்குள் தேடினார்.

"கண்ணு, எலைய எந்தப் பக்கம் மடிச்ச?"

செல்வி குனிந்து பார்த்தாள்.

இலையைத் தன் பக்கமாக மடித்திருந்தாள். கல்யாணத்திலும் காதுகுத்திலும் வளைகாப்பிலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மடிக்கிற மாதிரி. இந்த விருந்து மறுபடி நடக்கட்டும், நானும் வருகிறேன் என்று சொல்லி மடிக்கிற மாதிரி. சாவு வீட்டில் யாராவது அப்படி மடிப்பார்களா? இனி வேண்டாம் என்று இலையை அந்தப் பக்கம் தள்ளியல்லவா மடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த வழக்கம். கை தன் போக்கில் செய்துவிட்டது.

"அந்தப் பக்கந்தாம்ப்பா," என்றாள். "எனக்குத் தெரியாதா? நீ போ."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளை நம்பினார். சரத்குமாரின் கைத்தாங்கலில் படியிறங்கி நடந்தார். செருப்புச் சத்தம். கேட் கிரீச்சிட்டது. கார்க் கதவு மூடியது. அவள் அந்தச் சத்தங்களை ஒன்றும் விடாமல் கேட்டாள். காத்திருக்கிறார்கள், எஞ்சின் ஓடுகிறது. போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் மன்றாடினாள். மழை வலுத்தது. கடைசியில் வண்டி நகர்ந்தது. டயர் சேற்றை அரைத்து, ரோட்டில் ஏறி, வளைவில் தேய்ந்தது.

அப்பா போய்விட்டார். அந்த நிம்மதியை அவள் முழுசாக அனுபவித்தாள். ஒரு மூச்சு நேரம்.

கூடம் காலி. முதியவர்கள் எல்லோரும் வெளி வராந்தாவில். அவர்கள் பேச்சுக்குரல் தாழ்ந்து தாழ்ந்து நின்றுபோனது. யாரும் உள்ளே வரவில்லை. வரமாட்டார்கள். அடுக்களைக் கதவை யாரோ மெதுவாகச் சாத்தினார்கள்.

இருட்டு ஜன்னலிலிருந்து வரவில்லை. மூலையிலிருந்து வந்தது. அவள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து.

மடித்த இலையின் விளிம்பு அசைந்தது.

அவள் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தாள். விளிம்பு பாதி உயர்ந்து, கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தது. இலை விரிந்துவிட்டது. நடுநரம்பின் மேல் சோறு. புதுசாக வடித்த சோறு. ஆவி பறந்தது.

பக்கத்து இலை விரிந்தது. அதற்கடுத்தது. வரிசை முழுக்க.

சோற்றில் பள்ளம் விழுந்தது. ஐந்து விரல் பதிந்த பள்ளம். சாம்பார் குழைந்தது, நிதானமாக, அக்கறையாக, கட்டியில்லாமல் பிசைபட்டது. ஒரு கவளம் உருண்டது. இலையை விட்டு எழும்பியது. நீர் சொட்டச் சொட்ட, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

செல்வி பல்லைக் கடித்தாள்.

தாடையின் கீழ் ஒரு குளிர்ந்த கை, வம்பு பண்ணுகிற குழந்தைக்குச் செய்வதுபோல, இரண்டு கன்னத்தையும் மெல்ல அழுத்தி வாயைத் திறந்தது.